அக்கா உட்கார்ந்தால் விழும் மெஷின்

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மாப்பிள்ளை விழுந்தார்.

விழுந்தார் என்றால் குண்டடிபட்டோ கத்திக்குத்து வாங்கியோ அல்ல. துப்பறியும் தொழிலில் இறங்கியதிலிருந்து அவர் மேல் பாய்ந்த ஒரே ஆயுதம் அவருடைய மனைவியின் நாக்குதான். இன்று அவரைச் சாய்த்தது பசி. காலையில் வாயில் ஒரு கவளம் போடவிடாமல், "அவசரம், கிளம்புங்க" என்று மச்சான் இழுத்து வந்துவிட்டார். வந்த இடத்தில் லிஃப்ட் தன் கழுத்தில் 'பழுது' என்று அட்டை மாட்டிக்கொண்டு ஓய்வில் இருந்தது.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. இன்னும் ஒரே மாடி."

"முடியாது மச்சான். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க, நான் கடைசிவரைக்கும் நல்லவனாத்தான் இருந்தேன்னு."

"அவ நம்பமாட்டா. எழுந்திருங்க."

அந்த மச்சானை ஊரில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் பூதக்கண்ணாடி கிடையாது. ஒன்று வாங்கினார், முதல் வழக்கிலேயே அதைத் தொலைத்தார், அதை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றபடி கெட்டிக்காரர். அவருடைய ஒரே கஷ்டம், உதவியாளராக வாய்த்தவர் தங்கை புருஷன் என்பது. சாதாரண உதவியாளனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம். வீட்டு மாப்பிள்ளையை 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். 'ங்க' போட்டுத் திட்டினால் அது வரவேற்புரை மாதிரி ஆகிவிடுகிறது.

பூதக்கண்ணாடி சட்டைப்பையைத் துழாவி, எந்த வழக்கிலோ மிஞ்சிய ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை வாங்கி மென்றார்.

"சாப்பிட்டாச்சில்ல? ஏறுங்க."

"இருங்க மச்சான். உள்ளே போய்ச் சேரட்டும்."

சேர்ந்தது. ஏறினார்.

நான்காவது மாடி ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. தையல் மெஷின்களின் சத்தம் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஓர் அறை. அதன் வாசலுக்கு மேலே ஆள் எட்டாத உயரத்தில் ஒரு பலகை: 'முதலில் வேலை. மற்றதெல்லாம் பிறகு.'

அது சும்மா அழகுக்கு மாட்டியதல்ல. டீ வேண்டுமா, கட்டு முடிந்த பிறகு. மின்விசிறி வேண்டுமா, வியர்த்துக் காட்டிய பிறகு. பாதிச் சட்டையைத் தைத்துக் காட்டினால்தான் நூல்கண்டே கொடுப்பார் முதலாளி என்று பேச்சு. நூல் இல்லாமல் அந்தப் பாதியை எப்படித் தைத்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் தைத்தார்கள்.

முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எங்க மெஷினைக் கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். எப்படிச் செஞ்சாங்கன்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"கொடுத்து வெச்சவரு" என்றார் மாப்பிள்ளை.

கண்ணாடி அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மேசைக்கடியில் கறுப்புப் பெட்டி, மேலே திரை. கை, காலர், முதுகு, பை என்று சட்டைத் துண்டுகளைத் துணியின் மேல் எப்படி நெருக்கி அடுக்கினால் ஒரு விரற்கடை கூட வீணாகாது என்று அது கணக்குப் போடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நீள மேசை. பெட்டி சொல்கிறபடி அதன்மேல் ஒரு கத்தி தானாக ஓடித் துணியை வெட்டும். பெட்டி மயங்கி நின்றால் கத்தியும் நடுத்துணியில் நின்றுவிடும். மறுபடி எழுப்பினால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் கண்டபடி வெட்டும். ஓர் ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டிய கோட்டுகளில் ஒரு கட்டு முழுக்க மூன்று கை வைத்து வந்திருந்தது.

"டாக்டருக்கு உபயோகமாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று வரவேற்றார் பூதக்கண்ணாடி.

முதலாளி விரலை மடக்கினார். "நான் உட்கார்ந்தா மெஷின் விழறதில்ல. என் மச்சினன் உட்கார்ந்தா விழறதில்ல. அந்தம்மா உட்கார்ந்தாத்தான் விழுது. போன் வரும், எழுந்து வெளியே போவாங்க, குசுகுசுன்னு பேசுவாங்க, திரும்பி வந்து உட்காருவாங்க. பொத்துன்னு விழும். எதிர்த்தெரு கம்பெனிக்காரன் போன்ல வித்தை சொல்லிக்கொடுக்கிறான். இது போதாதா?"

'அந்தம்மா' தாழ்வாரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் கத்திரி அக்கா. கணக்குப் போட்டுத் துணியைச் சேமிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது அவள் கையிலிருந்த கத்திரியைப் பிடுங்கி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுபோல் அலமாரி மேல் வைத்திருந்தார்கள்.

"யாரும்மா அடிக்கடி போன்ல?" என்று தொடங்கினார் பூதக்கண்ணாடி.

"அது என் சொந்த விஷயம்."

"சொல்லிட்டா நல்லது."

"சொன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க. போலீஸ் என்னைப் படியிறக்கிக் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு இந்தத் தொழில்ல ஒருத்தரும் என்னை நம்பி ஊசிகூடக் கொடுக்கமாட்டாங்க. அது தெரிஞ்சும் நான் மெஷினைக் கெடுப்பேனாய்யா?"

"சரி, வேலை நடுவுல என்னிக்காவது விழுந்திருக்கா?"

அவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒரு தடவைகூட இல்ல. ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா பொழுது பூரா ஓடும். சும்மா கிடந்துட்டு, திடீர்னு பெரிய வேலையைக் கொடுத்தோம்னாத்தான் படுத்துக்கும். முன்னெல்லாம் இப்படி இல்ல. உள்ளே இருக்கிற ஃபேன் ஓயாம ஊளையிடும், ஆனா விழாது. இப்ப சத்தமே இல்ல. பூனை மாதிரி இருக்கு."

"சும்மா இருக்கும்போது நல்லா இருக்கும், வேலை சொன்னா மயக்கம் வரும்" என்று பூதக்கண்ணாடி யோசனையோடு சொல்லிக்கொண்டார். "இப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும்."

"என்னைப் பார்த்து ஏன் மச்சான் சொல்றீங்க?"

கண்ணாடி அறைக்குள் போனார்கள். தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் இருந்தது அங்கே மட்டும்தான், அதுவும் பெட்டியின் உபயோகத்துக்காக. ஆனால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தது முதலாளியின் மச்சினன். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் படித்தவன். திரையில் சீட்டுக்கட்டு விரிந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே, முன்பே அடுக்கி வைத்த ஒரு கட்டைக் கத்தி நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி ஓடுது பாருங்க" என்றான் பெருமையாக. "வெண்ணெய்."

பூதக்கண்ணாடி சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஒயரை முகர்ந்தார். மாப்பிள்ளை வழக்கம்போல் தூங்க இடம் தேடினார். இந்தக் கலையில் அவருக்கு இணை கிடையாது; ஒருமுறை ஓடும் பஸ்ஸில் படிக்கட்டில் நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் சரியாக விழித்திருக்கிறார். இப்போதும் கால் அவரைத் தானாகக் கூட்டிக்கொண்டு போனது. மேசைக்குப் பின்னால், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், ஆள் நீளத்துக்கு ஓர் இடைவெளி. அங்கே விரித்த மெத்தை. தலைமாட்டில், வெட்டு மிச்சத் துணியெல்லாம் அடைத்துத் தைத்த ஒரு தலையணை. தலையணைக்கு உறை, மூன்று கை வைத்த டாக்டர் கோட்டு.

மாப்பிள்ளை படுத்துப் பார்த்தார். இரண்டு கையைக் கழுத்துக்கடியில் கொடுத்தார். மூன்றாவதை எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டார்.

"மச்சான், மூணாவது கை எதுக்குன்னு இப்பத்தான் புரியுது."

பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தார். தலையணையில் ஒரு தலையின் பள்ளம். பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு அவர் பார்வை மச்சினனின் மினுமினுக்கும் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"நீங்கதானா தம்பி?"

"மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணசருவேன்" என்றான் மச்சினன். "அதனால மெஷின் விழுமா?"

"கண்டுபிடிச்சாச்சு!" என்று துள்ளி எழுந்தார் மாப்பிள்ளை. "குற்றவாளி இவன்தான். வேலை நேரத்துல தூங்கியிருக்கான்."

"தூங்கறது குற்றம்னா மாப்பிள்ளை, உங்களுக்கு ஆயுள் தண்டனை. பெட்டி பக்கத்துலயே காதை வெச்சுப் படுத்தீங்களே, என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேட்கலையே. அதான் அவ்வளவு சுகமா இருந்துச்சு."

பூதக்கண்ணாடி மீசையை நீவினார். மீசை நீவப்பட்டால் அரை வழக்கு முடிந்தது என்று அர்த்தம். விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"முதலாளி, நீங்க உட்கார்ந்தா விழாதுன்னீங்களே. உட்கார்ந்து என்ன வேலை பண்ணுவீங்க?"

"மேற்பார்வை."

"மெஷின்லயா?"

"திரையில் இருக்கிற படத்தை மாத்துவேன். போன தடவை அருவி வெச்சேன்."

"இன்னிக்கு வேலை பண்ணுங்க."

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. வேலையை அவர் வெகுகாலமாகத் தூரத்திலிருந்துதான் பார்த்து வந்திருக்கிறார். ஆனால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார். கத்திரி அக்கா வாசற்படியைத் தாண்டாமலே நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக் கோட்டைத் திறங்க. எல்லா அளவையும் சேருங்க. இன்னும் சேருங்க. இப்ப 'அடுக்கு'ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க."

முதலாளி ஒற்றை விரலால், தேளைத் தொடுவதுபோல், அமுக்கினார்.

பெட்டிக்குள் ஃபேன் ஊளையிட ஒரு மூச்சு எடுத்தது. அந்த மூச்சோடு சரி. திரை உறைந்தது. கத்தி நடுத்துணியில் நின்றது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆடைத் தொழிற்சாலை ஆகையால் ஒன்றிரண்டு விழுந்தன, கேட்டது.

"மெஷினை விழவெச்சது யாரு?" என்று வாசலில் ஒரு குரல். நான்கு மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை பணிவோடு கையைக் காட்டினார். "இவருதான் சார். இத்தனை பேர் கண்ணு முன்னாடி, விரலை வெச்சே அமுக்கிட்டாரு."

"ஐயோ, நான் இல்ல!" என்று நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார் முதலாளி. "அந்தம்மா சொல்லித்தான்... நான் உட்கார்ந்தா விழாது சார்!"

"விழாம இருந்தது நீங்க உட்கார்ந்ததால இல்ல" என்றார் பூதக்கண்ணாடி. "நீங்க ஒண்ணும் பண்ணாததால. இந்தக் கட்டடத்துல அந்தப் பெட்டிக்கு உண்மையா வேலை கொடுக்கிறது ஒரே ஒருத்தங்கதான். அதனாலதான் அவங்க உட்கார்ந்தா மட்டும் விழுந்தது. தம்பி, வெளியே வாங்க. அந்த ஃபேனை எப்படி வாயடைச்சீங்க?"

மச்சினன் முதலில் விழித்தான். பிறகு படித்த பெருமை பயத்தை ஜெயித்துவிட்டது. "ஃபேன் சத்தத்துல தூங்க முடியல அத்தான். பெட்டிக்கு மூளை மாதிரி இருக்கிற ப்ராசஸர் எப்பவும் முழு வேகத்துல ஓடினா சூடாகும், சூடானா ஃபேன் கத்தும். அதனால ஒரு புரோகிராம் எழுதினேன். வேலை இல்லாதப்ப வேகத்தைக் குறைச்சிடும், உள்ளே போற மின்சாரத்தோட வோல்டேஜையும் குறைச்சிடும். வேலை வந்தா ரெண்டையும் ஏத்திடும். சிஸ்டத்தை நிறுத்தவே வேண்டாம், ஓட ஓடவே நடக்கும். நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"வேகத்தைக் குறைச்சேன். சத்தம் அடங்குச்சு. தூங்கிட்டேன்."

"ஏத்திப் பார்த்தீங்களா?"

"அப்பத்தான் தூங்கிட்டேனே."

பூதக்கண்ணாடி வாசலுக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். "எது முதல்ல? வேகமா, வோல்டேஜா?"

"முதல்ல வேகம்தான்" என்றான் மச்சினன், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல். "வேகமா ஓடிக் காட்டட்டும், பிறகு வோல்டேஜ் ஏத்தலாம். முதல்லயே கொடுத்து வெச்சா அத்தான் சும்மா விடுவாரா? போர்டுலயே எழுதிப் போட்டிருக்கே."

"குறைக்கும்போது?"

"அப்பவும் அதே வரிசை. முதல்ல வேகம், பிறகு வோல்டேஜ்."

"மாப்பிள்ளை" என்றார் பூதக்கண்ணாடி. "அந்தப் பலகையைக் கழட்டணும். ஏறுங்க."

மாப்பிள்ளை வெறும் சுவரைப் பார்த்தார். "ஏணி எங்கே மச்சான்?"

"நீங்க மேலே ஏறிக் காட்டுங்க. பிறகு ஏணி வைக்கிறேன்."

"நான் என்ன பல்லியா?"

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. இன்ஸ்பெக்டர்கூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி மூலையில் கிடந்த ஏணியைச் சாத்தினார். மாப்பிள்ளை ஏறிப் பலகையைக் கழற்றினார். ஏணியில் கைவைத்துப் பூதக்கண்ணாடி கேட்டார்: "இப்ப ஏணியை எடுக்கட்டுமா, நீங்க இறங்கறீங்களா?"

"மச்சான்! நான் செத்தா தாலியறுக்கிறது உங்க தங்கச்சி!"

"அப்ப முதல்ல இறங்குங்க. பிறகு எடுக்கறேன்." அவர் மச்சினன் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா தம்பி? வேகம்தான் ஆளு, வோல்டேஜ்தான் ஏணி. இறங்கும்போது ஆள் முதல்ல, ஏணி பிறகு. உங்க வரிசை அங்கே சரியா அமைஞ்சிடுச்சு, அதனால நிம்மதியாத் தூங்கினீங்க. ஏறும்போது ஏணி முதல்ல வேணும். நீங்க ஆளை வெறும் சுவத்துல ஏத்தியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அக்கா வந்து வேலை கொடுக்க, பெட்டி வேகமெடுக்க, காலுக்கடியில ஒண்ணும் இல்லாம பொத்துன்னு விழுந்திருக்கு."

மச்சினனின் எண்ணெய்த் தலை மெதுவாகத் தொங்கியது. "கம்ப்யூட்டர் புத்தகத்துலகூட அப்படித்தான் போட்டிருந்துச்சு அத்தான். எழுதினவனுக்கு நம்ம கம்பெனி தெரியாதுன்னு நினைச்சேன்."

"மெஷினை நிறுத்திட்டு மொத்தத்தையும் பிடுங்கி எறிடா!" என்று பாய்ந்தார் முதலாளி. அதற்குள் பெட்டி மறுபடி எழுந்திருந்தது. அக்கா உள்ளே போகாமலே கைகாட்டிச் சொல்ல, வெட்டு மேசையில் நின்ற ஒருவர் கத்தியை விட்ட இடத்தில் சரியாகப் பொருத்த, அது மீதிக் கட்டை வெட்டத் தொடங்கியிருந்தது.

"இப்ப நிறுத்தினா நாலாவது கை முளைக்கும்" என்றாள் அக்கா.

"நிறுத்த வேண்டாம் அக்கா" என்றான் மச்சினன். முதல் தடவையாக அவளை அக்கா என்றான். "வெட்டறதுக்கு இந்தக் குறைஞ்ச வேகமே போதும். நான் திருத்தி முடிக்கிறவரைக்கும் வேகத்தை இதுலயே பிடிச்சு வெச்சுக்கிறேன், ஏறவும் விடாம இறங்கவும் விடாம. அதுக்குள்ள வரிசையை மாத்திடலாம்."

உட்கார்ந்தான். திரையில் அருவி மறைந்து எழுத்துகள் வந்தன. இரண்டு வரி இடம் மாறின. ஏறும்போது முதலில் வோல்டேஜ், பிறகு வேகம். இறங்கும்போது பழைய வரிசையே. கத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இருங்க தம்பி" என்றார் மாப்பிள்ளை திடீரென்று. "வோல்டேஜ் கொடுத்த உடனே ஓடுன்னு சொல்லாதீங்க. உள்ளே போய்ச் சேரட்டும்."

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா சார். புத்தகத்துல அதுவும் இருந்துச்சு. வோல்டேஜ் நிலைக்கறதுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொந்த அனுபவம்" என்றார் மாப்பிள்ளை, வயிற்றைத் தடவி.

இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு காத்திருப்பு நுழைந்தது. மச்சினன் எழுந்து நாற்காலியைத் துடைத்து விட்டான். கத்திரி அக்கா வந்து உட்கார்ந்தாள். இது விழுந்தால் பூதக்கண்ணாடி சொன்னதெல்லாம் கதை. வாசலில் நிற்கும் இன்ஸ்பெக்டர்தான் நிஜம். எல்லா அளவையும் சேர்த்தாள். அமுக்கினாள்.

ஃபேன் மூச்செடுத்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு அது ஊளையிட்டது பாருங்கள், அடுத்த தெரு நாய்கள் பதில் சொன்னதாகப் பிற்பாடு மாப்பிள்ளை வீட்டில் விவரித்தார். திரையில் கைகளும் காலர்களும் ஓடி ஓடி இடம் பிடித்து உட்கார்ந்தன. கத்தி ஒரு நூல் பிசகவில்லை. பெட்டி விழவில்லை.

"அப்ப நான் யாரைத்தான் கூட்டிட்டுப் போறது?" என்றார் இன்ஸ்பெக்டர் ஏமாற்றமாக. "நாலு மாடி ஏறியிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது.

"இதோ! இதோ!" முதலாளிக்கு உயிர் வந்துவிட்டது. "எதிர்த்தெருக்காரன்தான்! எல்லார் முன்னாடியும் பேசச் சொல்லுங்க!"

அக்கா பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் போனைச் சத்தமாக வைத்தாள்.

"என்னம்மா, யோசிச்சீங்களா?" என்று கேட்டது போன். முதலாளி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி, எதிர்த்தெருக் கம்பெனிக்காரரேதான். "இன்னும் எத்தனை தடவைதான் மாட்டேன்னு சொல்லுவீங்க? இங்கே வந்து சேர்ந்திடுங்க. காலையில வந்ததும் டீ. குடிச்ச பிறகுதான் வேலை. என்ன சொல்றீங்க?"

தையல்காரர்களின் முகத்தில் ஒரு கனவு ஓடியது. வித்தை சொல்லிக்கொடுக்க வந்த போன் இல்லை அது; வேலைக்குப் பெண் கேட்டு வந்த போன். ஒவ்வொரு தடவையும் அவள் வெளியே போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் பெட்டி தூங்கியிருக்கிறது.

"ஒரு நிமிஷம் இருங்க, எங்க முதலாளி என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா.

முதலாளி பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு ஆணிதான் இருந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். அலமாரி மேலிருந்த கத்திரியை முதலாளியே எட்டி எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு மட்டும்னா அங்கேயே போயிடுவேன். இங்கே எல்லாருக்கும் முதல்ல டீ. பிறகு வேலை. இன்னிக்கு நீங்களே வாங்கிட்டு வரணும்."

முதலாளி பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில், டீயோடு அவர் திரும்பி ஏறி வரும் வழியில், மூன்றாவது மாடித் திருப்பத்தில் 'பொத்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"பசி மயக்கமா இருக்கும்" என்றார் பூதக்கண்ணாடி. "காலையிலேர்ந்து அவரும் ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டார். மாப்பிள்ளை, ஓடிப் போய்த் தூக்குங்க."

மாப்பிள்ளை அப்போதே பாதிப் படியில் இருந்தார். அந்த வேகத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"தூக்கிட்டேன் மச்சான்! ஒரு சொட்டுக்கூடச் சிந்தல!"

"முதலாளியையா?"

"முதல்ல கெட்டிலை. முதலாளி பிறகு."